பனிக்கு அடியில் உயிர் காக்கும் மூங்கில்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் உட்பகுதிகளில், குளிர்கால இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அகன்ற இலை மரங்களெல்லாம் மொட்டையாக நிற்கும் அந்த மலைகளில், இலையை உதிர்க்காமலே குளிரைக் கடக்கிறது ஒரு மூங்கில் கூட்டம். சாசா என்பது அதன் பேரினப் பெயர். முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடும் இனமும் உண்டு, ஆள் உயரத்தைத் தாண்டுவதும் உண்டு. ஜப்பானிலும் கொரியாவிலும் ரஷ்யாவின் சகலின், குரில் தீவுகளிலும் வளர்கிறது. இந்த மிதவெப்ப மூங்கில் குலத்தின் குட்டை உறவு ஒன்று இலங்கையின் ஹோர்டன் சமவெளி ஓடைக்கரைகளிலும் அடர்ந்து நிற்கிறது.

சாசாவைக் காப்பாற்றுவது பனிதான். பெய்து குவிந்த பனியில் பெரும்பகுதி காற்று. அதனால் வெப்பம் அதன் வழியே எளிதில் வெளியேறாது. மேலே எவ்வளவு குளிர் அடித்தாலும், ஒன்றிரண்டு மீட்டர் பனிக்கு அடியில் நிலத்தை ஒட்டிய வெப்பநிலை ஏறக்குறைய 0 டிகிரியிலேயே நிற்கும். உலர்ந்த குளிர்காற்றும் அங்கே நுழையாது.

ஜப்பான் கடலைப் பார்த்த சரிவுகளில் பனி மிக அதிகம். அங்கே வளரும் சிஷிமாசாசா, உலகிலேயே மிக வடக்கே செல்லும் மூங்கில்களில் ஒன்று. பனியின் பாரம் ஏற ஏற அதன் தண்டுகள் முறியாமல் வளைந்து தரையோடு படுத்துவிடும். பனி உருகியதும் நிமிரும். ஆண்டுக்கு ஆண்டு இப்படிப் படுத்து எழுவதால் அடித்தண்டு நிரந்தரமாகவே வளைந்திருக்கும். தண்டின் மேல் கணுக்களில் உள்ள மொட்டுகளும் பனிக்குள் பத்திரமாக இருப்பதால், ஒரே தண்டு பல ஆண்டுகள் உயிரோடிருந்து கிளைத்துக்கொண்டே போகிறது.

பசிபிக் பக்கம் கதை வேறு. அங்கே பனி குறைவு, குளிர்காற்று வறண்டது. அந்தப் பக்கத்து மியாகோசாசா தன் மொட்டுகளைத் தண்டின் உச்சியில் வைப்பதில்லை. மண்ணுக்குள்ளும் தண்டின் அடியிலும் ஒளித்து வைக்கிறது. தண்டுகளின் ஆயுள் ஓரிரு ஆண்டுகள்தான், ஆனால் அடியிலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். அதிகபட்சப் பனி ஆழம் சுமார் 50 சென்டிமீட்டராக உள்ள எல்லையை ஒட்டி இந்த இனத்தின் பரவல் முடிகிறது. தாவரவியலாளர்கள் இதை 'மியாகோசாசா கோடு' என்றே அழைக்கிறார்கள். மொட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தே அந்த இடத்தின் பனியைக் கணிக்க முடிகிறது என்பது, இந்தச் செடியைப் பற்றி நான் அறிந்தவற்றில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி.

பச்சை இலையைக் குளிர்காலம் முழுக்கக் காத்து வைப்பதன் பலன் வசந்தத்தில் கிடைக்கிறது. பீச் (beech) என்னும் இலையுதிர் மரங்கள் தளிர்க்கும் முன்பே தரைக்கு வெயில் இறங்கும். இலையோடு காத்திருக்கும் சாசா உடனே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். இலையுதிர்ந்த பிறகு, பனி மூடும் வரையிலும் அதே வாய்ப்பு. மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் தண்டுகள் ஒரே செடியின் பல பாகங்களை இணைத்திருப்பதால், வெயிலில் நிற்கும் பாகம் நிழலில் நிற்கும் பாகத்துக்கு உணவு அனுப்பவும் முடிகிறது. இந்த இணைப்பை வெட்டிவிட்டு ஜப்பானியக் காட்டில் ஆய்வு செய்தபோது, நிழலில் தனித்துவிடப்பட்ட தண்டுகள் நலிந்தன.

இதற்கு விலை கொடுப்பவை மரக்கன்றுகள். சாசாவின் நிழலில் விழும் விதை முளைத்தாலும் பிழைப்பது அரிது. ஹொக்கைடோவில் காட்டைப் புதுப்பிக்க, புல்டோசரால் சாசாவை வேரோடு சுரண்டி எடுத்து, பிர்ச் மர விதைகள் விழுந்து முளைக்க இடம் செய்கிறார்கள்.

சாசா தானாகவே வழிவிடும் தருணமும் உண்டு. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பகுதியின் செடிகள் ஒன்றாகப் பூத்து, விதைத்து, மடிகின்றன. நம் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை செய்வதும் இதுதான். 1995இல் தொவாதா ஏரிப் பகுதியில் சிஷிமாசாசா இப்படிப் பூத்துக் காய்ந்தபோது தரைக்கு வெளிச்சம் வந்தது. சாசாவின் புதிய நாற்றுகள் மீண்டும் தரையை மூடப் பல ஆண்டுகள் ஆகும். பீச் கன்றுகள் தலையெடுக்கக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

நாரா மாவட்டத்து ஓடைகஹாரா மலைச்சமவெளியில் நடந்தது இன்னும் சிக்கலானது. 1959இல் இசே வளைகுடாப் புயல் அங்கிருந்த ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களைச் சாய்த்தது. வெயில் விழுந்த இடமெல்லாம் மியாகோசாசா பரவியது, அதை மேய மான்கள் பெருகின. மொட்டு மண்ணுக்குள் இருப்பதால் சாசா கடித்த பிறகும் துளிர்த்தது. மான்கள் கடித்த மரக்கன்றும் மரப்பட்டையும் அப்படித் தேறவில்லை. மானைத் தடுக்க வேலி போட்டபோது, வேலிக்குள் முதலில் அடர்ந்தது சாசாதான். அதன் நிழலில் கன்றுகள் மறுபடியும் திணறின.