பழைய அடுக்குமாடியில் டிரையர் வைக்கலாமா? மின் விதிகள் சொல்வது என்ன

பல பழைய குடியிருப்புகளின் வாடகை ஒப்பந்தத்தில் "வீட்டுக்குள் டிரையர் வைக்கக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். துணியைச் சூடாக்கிக் காய வைக்கும் மெஷினைத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் கசியும் என்ற பயத்தில் போட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும் உண்டுதான். ஆனால் பெரிய காரணம் சுவருக்குள் இருக்கும் வயர்.

கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். 230 வோல்ட் உள்ள ஊரில் 6 ஆம்பியர் பாயிண்ட் ஏறக்குறைய 1,380 வாட்ஸ் தாங்கும். வாஷிங் மெஷினில் துணியைச் சுழற்ற மோட்டாருக்குச் சில நூறு வாட்ஸ் போதும். தண்ணீரைச் சுட வைக்கும் ஹீட்டர் உள்ள மெஷின் என்றால் 2,000 வாட்ஸ் வரை இழுக்கும்; அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். ஆக, மெஷின் எவ்வளவு பெரிது என்பதைவிட, அதற்குள் ஹீட்டர் இருக்கிறதா என்பதே முக்கியம்.

அமெரிக்காவில் சாதாரண பிளக்கில் 120 வோல்ட்தான். 15 ஆம்பியர் லைனில் 1,800 வாட்ஸுக்கு மேல் போக முடியாது. அங்கே விற்கும் முழு அளவு மின் டிரையரோ 5,000 வாட்ஸை ஒட்டி எடுக்கும். அந்நாட்டின் தேசிய மின் விதித்தொகுப்பு, துணி துவைக்கும் இடத்துக்கென்றே 20 ஆம்பியர் லைன் ஒன்று வேண்டும் என்கிறது. டிரையருக்கு அது போதாது. 240 வோல்ட், 30 ஆம்பியரில் தனி லைன் இழுப்பதே வழக்கம். 1996 பதிப்பிலிருந்து, புதிதாகப் போடும் டிரையர் லைனில் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலும், கசிவைத் தரைக்குக் கடத்தும் எர்த்தும் தனித்தனி வயராக இருக்க வேண்டும். பழைய மூன்று கம்பி பாயிண்டில் புது டிரையரின் நாலு முனை பிளக் நுழையாததற்கு இதுதான் காரணம். பிரிட்டனில் பிளக்குக்குள்ளேயே 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. ஒரு பிளக்கில் சுமார் 3,000 வாட்ஸ், அவ்வளவுதான்.

பொதுவாக இந்த விதிகள் பழைய வயரிங் முழுவதையும் பிடுங்கிப் போடச் சொல்வதில்லை. புதிதாக ஒரு லைன் சேர்க்கும்போது அந்த லைன் இன்றைய விதிப்படி இருக்க வேண்டும் என்கின்றன. ஏற்கெனவே ஓடுகிற மெஷினுக்கு ஒன்றும் சொல்லாதவர்கள், புது டிரையர் என்றதும் மறுப்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் பிரேக்கர் அடிக்கடி ட்ரிப் ஆகிறது, பெரியதாக ஒன்று மாட்டிவிடலாமா? கூடவே கூடாது. பிரேக்கர் காப்பது மெஷினை அல்ல, வயரை. 15 ஆம்பியருக்கான மெல்லிய வயரில் 30 ஆம்பியர் பிரேக்கரை மாட்டினால், வயர் சூடேறி உறை உருகினாலும் பிரேக்கர் பேசாமல் இருக்கும். அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் இதே கதைதான். அலுமினிய வயர் போட்ட கட்டடங்களில் இணைப்புகள் நாளடைவில் தளர்ந்து சூடாகும் என்பதால் இன்னும் கவனம் தேவை. அப்புறம் எர்த். ஈரமான இடம், உலோக உடம்பு கொண்ட மெஷின். எர்த் இல்லாத இரண்டு துளை பாயிண்டில் மாட்டவே கூடாது. கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் நல்லது.

உங்கள் வீட்டு வயரிங்கை மாற்றிவிட்டாலும் வேலை முடிவதில்லை. கீழே மீட்டர் அறைக்கு வரும் பிரதான லைன் கட்டடம் முழுவதற்கும் பொதுவானது. ஒரு வீட்டில் டிரையர் வைத்தால் அது தாங்கலாம். இருபது வீட்டில் வைத்தால்? அதனால்தான் உரிமையாளர் அல்லது சங்கத்தின் அனுமதி. இந்தியாவில் இதோடு, வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்ற கணக்கும் உண்டு. 2023-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீட்டில் ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை அந்த அளவைத் தாண்டினால்தான் லோடை உயர்த்துவார்கள்.

வாங்குவதற்கு முன் மெஷினின் பின்புறத் தகட்டில் வாட்ஸைப் பாருங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் வயரின் தடிமன், எர்த், அந்த லைனில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று கேளுங்கள். புது லைனுக்கு வழியே இல்லையென்றால், உள்ளே இருக்கும் காற்றின் சூட்டையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் டிரையரைப் பார்க்கலாம். பல மாடல்கள் 1,000 வாட்ஸுக்குள் முடித்துக்கொள்கின்றன, சூடான காற்றை வெளியேற்றக் குழாயும் வேண்டாம். துணி காய மட்டும் நேரம் பிடிக்கும்.