ஃபேமிலி பிளானில் சேர்ந்தாச்சு, வேர்டு ஏன் திறக்க மறுக்கிறது?

"வேர்டு வேலை செய்யலை, பார்மட் அடிச்சுக் கொடுத்திடுங்க" என்று லேப்டாப்பும் கையுமாக வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சந்தா யார் பேர்ல இருக்கு?" என்றுதான். மைக்ரோசாப்ட் 365 ஃபேமிலி பிளானை வீட்டில் ஒருவர் வாங்கினால், அவரையும் சேர்த்து ஆறு பேர் வரை பயன்படுத்தலாம். வாங்கியவர் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடும். பிள்ளையின் லேப்டாப்பில் மட்டும் 'அன்லைசென்ஸ்டு புராடக்ட்' என்று வந்து நிற்கும். ஃபைலைப் படிக்கலாம், ஒரு எழுத்துகூடத் திருத்த முடியாது. பார்மட் அடித்தால் இது சரியாகாது. டெஸ்க்டாப்பில் கிடக்கும் போட்டோக்கள் போவதுதான் மிச்சம்.

இந்தச் சந்தா லேப்டாப்புக்குத் தரப்படுவதல்ல, மெயில் ஐடிக்குத் தரப்படுவது. எனவே வேர்டைத் திறந்து 'ஃபைல்', அதன் கீழே 'அக்கவுண்ட்' என்று போய்ப் பாருங்கள். 'பிலாங்ஸ் டு' என்று போட்டு ஒரு மெயில் ஐடி இருக்கும். சந்தா வாங்கியவர் அனுப்பிய அழைப்பை நீங்கள் ஏற்றுக்கொண்ட ஐடியும் அதுவும் ஒன்றுதானா? என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

இன்ஜினியரிங் படிக்கும் பெண் ஒருவர் அம்மாவோடு வந்திருந்தார். "அப்பா அனுப்பின லிங்க்கை அன்னைக்கே அக்செப்ட் பண்ணிட்டேன் அண்ணா" என்றார். பண்ணியிருந்தார்தான். ஆனால் போனில், ஜிமெயில் ஐடியை வைத்து. லேப்டாப் வேர்டிலோ கல்லூரி கொடுத்த ஐடி உட்கார்ந்திருந்தது. கல்லூரி ஐடிக்கும் வீட்டுச் சந்தாவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பல கல்லூரிகள் தரும் கணக்கில் பிரவுசரில் ஓடும் வேர்டு மட்டும்தான் இருக்கும். சரி, அதிலிருந்து வெளியே வந்து ஜிமெயில் ஐடியைப் போடச் சொன்னேன். பாஸ்வேர்ட் தப்பு என்றது. முந்தின இரவு ஜிமெயில் பாஸ்வேர்டையே மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், அப்போதும் இதே கதைதானாம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜிமெயில் முகவரியை வைத்து மைக்ரோசாப்டில் கணக்குத் தொடங்கினால் அது தனிக் கணக்கு. முகவரி ஒன்று, பாஸ்வேர்ட் இரண்டு. கூகுளில் ஒன்றை மாற்றினால் மைக்ரோசாப்டுக்கு அது தெரியவே வராது. மைக்ரோசாப்ட் திரையில் 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' அழுத்தினோம், குறியீட்டு எண் அதே ஜிமெயிலுக்கு வந்தது, புதிதாக ஒன்று வைத்ததும் வேர்டு வேலை செய்தது. (கல்லூரி ஐடியின் ஒன்டிரைவில், அதாவது மைக்ரோசாப்டின் ஆன்லைன் சேமிப்பிடத்தில், புராஜெக்ட் ஃபைல் வைத்திருப்பவர்கள், படிப்பு முடியும் முன்பே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கு கல்லூரிக்குச் சொந்தம்.)

ஜிமெயில் முகவரியில் உள்ள புள்ளியும் படுத்தும். புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிமெயில் ஒரே பெட்டியில்தான் கொண்டுவந்து போடும். மைக்ரோசாப்ட் அவற்றை இரண்டு ஆட்களாகப் பார்க்கும். அழைப்பு ஒரு கணக்கில், வேர்டு இன்னொரு கணக்கில் என்று ஆகிவிட இதுவே போதும்.

ஐடி சரியாக இருந்தும் வரவில்லை என்றால் சந்தா வாங்கியவரைக் கூப்பிடுங்கள். அவர் தன் மைக்ரோசாப்ட் கணக்கின் 'ஷேரிங்' பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பிள்ளைகளைக் கண்காணிக்க வைத்திருக்கும் 'ஃபேமிலி குரூப்'பில் சேர்த்திருப்பது வேறு, சந்தாவைப் பகிர்வது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் ஆகிவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. இன்னொன்று: காப்பைலட் என்ற ஏஐ வசதி சந்தா வாங்கியவருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு அது வராதது கோளாறு இல்லை.

அப்புறம் பணம். கார்டு காலாவதியாகி புது கார்டு வந்திருந்தால் ஆட்டோ டெபிட் நின்றுபோயிருக்கலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடுகிறோம். கட்டணம் நின்றால் ஒருவருக்கு மட்டுமல்ல, ஆறு பேருக்கும் நிற்கும்.

வேர்டு நின்றால்கூடச் சமாளிக்கலாம், எனக்குக் கவலை ஒன்டிரைவ்தான். சந்தா இருக்கும்வரை ஆளுக்கு 1 டிபி. நின்றதும் இலவச 5 ஜிபிதான். அதைவிட அதிகம் வைத்திருந்தால் புதிதாக எதுவும் ஏறாது. அவுட்லுக் மெயிலும் வராது, போகாது. ஆறு மாதத்துக்கு மேல் அப்படியே விட்டால் மைக்ரோசாப்ட் ஃபைல்களை அழிக்கவும் செய்யலாம். குடும்பத்தில் மனஸ்தாபம் வந்து ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும் அவருக்கு இதே நிலைதான். ஆகவே முக்கியமானவற்றை ஒரு ஹார்டு டிஸ்கிலும் வையுங்கள். அப்பா பேரில் சந்தா இருப்பதால் நம் ஃபைல்களை அவர் பார்த்துவிடுவாரோ என்று பிள்ளைகள் தயங்கிக் கேட்பதுண்டு. நீங்களாகப் பகிராதவரை பார்க்க முடியாது.

கூகுளின் சேமிப்பிடச் சந்தாவான கூகுள் ஒன் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். மகன் துபாயில், பெற்றோர் தஞ்சாவூரில் என்றால் ஒரே ஃபேமிலி குரூப்பில் சேர முடியாது; எல்லோரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். ஒரு குரூப்பை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதும் 12 மாதத்துக்கு ஒருமுறைதான். அவசரப்பட்டு வெளியேறாதீர்கள்.

சில நூறு ரூபாய்க்கு 'லைஃப்டைம் ஆபீஸ்' என்று விற்பவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் ஐடி போட்டுத் தருகிறார்கள். அந்த ஒன்டிரைவின் சாவி விற்றவன் கையில். ஆதார், பான் நகலை அதில் ஏற்றாதீர்கள்.

கஸ்டமர் கேர் நம்பரையும் கூகுளில் தேடிக் கூப்பிடாதீர்கள். எனி டெஸ்க் (உங்கள் திரையை வெளியாள் இயக்க விடும் ஆப்) போடுங்கள், சந்தாவை ரீஃபண்ட் பண்ணித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் வேர்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.