சொல் விளக்கம்: மிஸ்தெக்

மிஸ்தெக் என்பது மெக்சிகோவின் பழங்குடி மக்கள் ஒருவரின் பெயர், அவர்கள் பேச்சின் பெயரும் அதுவே. தமிழில் இதை 'மிக்ஸ்டெக்' என்று எழுதுவது ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்ததால் வந்த பழக்கம். மெக்சிகோக்காரர் வாயில் அது பெரும்பாலும் 'மிஸ்தெக்கோ'. நடுவில் 'க்' கிடையாது, 'ட'வும் கிடையாது. நம்மிடம் 'த' இருக்கும்போது 'ட' எதற்கு? மிஸ்தெக் என்றே எழுதலாம்.

இந்தச் சொல் மிஸ்தெக் மக்களுடையதே அல்ல. அஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழியில் 'மிஷ்த்லி' என்றால் மேகம். மேக ஊர்க்காரர் என்று அஸ்டெக்குகள் வைத்த பெயரை ஸ்பானியர் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தெருக்காரர் வைத்த பட்டப்பெயர் ரேஷன் கார்டில் ஏறிய கதைதான்.

மிஸ்தெக் மக்கள் தங்களை 'ஞூ சவி' என்கிறார்கள். சவி என்றால் மழை, மழைத் தெய்வத்தின் பெயரும் அதுவே. ஞூ என்றால் ஊர், நாடு, மக்கள் எல்லாம். "ஊரே சிரிக்குது" என்று சொல்பவர்களுக்கு இது புதிதல்ல. மொழியின் பெயர் 'துஉன் சவி'. பார்க்க அளபெடை மாதிரி இருந்தாலும் நீட்டக்கூடாது. நடுவில் குரல் ஒரு கணம் அறுபட்டுத் திரும்ப வரும். துஉன் என்றால் சொல், பேச்சு. 'ஓரெழுத்து ஒருமொழி' என்னும்போது நம் 'மொழி'க்கும் சொல் என்றே பொருள். ஆகவே 'மழைமொழி' என்ற தமிழாக்கம் கச்சிதமாகப் பொருந்தும்.

ஓவஹாக்கா, புவெப்லா, கெரெரோ மாநிலங்களில் 5 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். பிழைப்புத் தேடி கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயல்களுக்குப் போனவர்களும் ஏராளம்.

அப்புறம், மிஸ்தெக் ஒரே மொழி இல்லை. மெக்சிகோ அரசின் 2008 பட்டியலில் 81 வகைகள். ஒரு பள்ளத்தாக்கின் பேச்சு சில மலைகள் தாண்டினால் புரியாமல் போகலாம். 'வட்டார வழக்கு' என்று எழுதினால் இந்தத் தூரம் மறைந்துவிடும். 'மிஸ்தெக் மொழிகள்' என்று பன்மையில் எழுதுவதே சரி.

ஓவஹாக்காவின் மலைநாட்டில் உள்ள சல்காத்தோங்கோ பேச்சு அவற்றில் ஒன்று. வினைச்சொல் முதலில் வரும். மழை பெய்ததா என்று கேட்க நமக்கு ஒரு 'ஆ' வேண்டும். இங்கே, இலக்கணம் எழுதியவர்கள் சொல்வதன்படி, செய்தியும் ஆம்-இல்லைக் கேள்வியும் ஒரே வாக்கியம்; குரலைக்கூட ஏற்றுவதில்லை. சூழலை வைத்துத்தான் கேள்வி என்று பிடிக்க வேண்டும். உலக மொழிகளின் இலக்கணக் கூறுகளைத் தொகுத்த ஒரு பெரிய ஒப்பீட்டில், 800க்கும் மேற்பட்ட மொழிகளுள் இப்படி இருந்தது இது ஒன்றுதான்.

குரலின் ஏற்ற இறக்கத்துக்கு வேறு வேலை இருக்கிறது. பக்கத்தில் உள்ள சான் மிகேல் எல் கிராந்தே பேச்சில் 'யுக்கு' என்பதை இரண்டு அசையிலும் நடுக்குரலில் சொன்னால் மலை. இரண்டாம் அசையைத் தாழ்த்தினால் புதர். உயர்வு, நடு, தாழ்வு என மூன்று சுரம். தமிழ் எழுத்தில் இதைக் காட்ட வழியில்லை. 'ஞூ'வை மட்டும் பிசகாமல் எழுதிவிடலாம், அதற்கு நம்மிடம் ஞ இருக்கிறது.