முதலமைச்சருக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை

திங்கட்கிழமை காலையில் தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் மனு எழுதிக் கொடுப்பவர்களைப் பார்க்கலாம். நானும் அதில் ஒருவன். சில வாரங்களுக்கு முன் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். மஞ்சப்பையில் சிட்டா, பழைய பத்திரம், மூன்று ஒப்புகைச் சீட்டு. பட்டாவில் உட்பிரிவு செய்ய வேண்டும், ஒரு தாலுகா ஆபீஸில் வருஷக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். ‘பெறுநர்’ என்று எழுதிவிட்டு ‘மாவட்ட ஆட்சியர்’ என்று ஆரம்பித்தேன். தாள்மேல் கையை வைத்து மறித்தார்.

“கலெக்டருக்கு மூணு வாட்டி குடுத்தாச்சு தம்பி. இந்த வாட்டி சி.எம்முக்கே எழுது. நான் ஓட்டுப் போட்டதே அவருக்குத்தான்.”

சரி என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் உண்மையில்லை. அவர் ஓட்டுப் போட்டது பாலக்கோடு தொகுதி வேட்பாளர் ஒருவருக்கு. தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என 5 தொகுதிகள். கிருஷ்ணகிரியில் ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என 6. இந்த 11 இடத்து ஓட்டு இயந்திரத்திலும் ‘முதலமைச்சர்’ என்று ஒரு பொத்தான் கிடையாது. சுவரெல்லாம் யார் படம் இருந்தாலும் நாம் அமுக்குவது எம்.எல்.ஏ.வுக்குத்தான்.

பிறகு எப்படி ஒருவர் முதலமைச்சர் ஆகிறார்? தமிழ்நாடு சட்டப்பேரவையில் 234 இடம். பாதிக்கு மேல் என்றால் 118. அத்தனை எம்.எல்.ஏ.க்களின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ அவரை ஆளுநர் அழைத்துப் பதவியேற்க வைக்கிறார். அரசியலமைப்புச் சட்டத்தின் 164வது பிரிவு முதலில் சொல்வது ஒரே வரி: முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார், மற்ற அமைச்சர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி ஆளுநர் நியமிப்பார். படித்தால் ஆளுநர் இஷ்டம் போலத் தோன்றும். ஆனால் அதே பிரிவுதான் அமைச்சரவை முழுதும் சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்றும் சொல்கிறது. பேரவை கைவிட்டால் ஆளுநர் கொடுத்த நாற்காலி நிற்காது. ஒருவருக்குப் பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை ஆளுநர் மாளிகையில் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, பேரவையில் ஓட்டெடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று 1994ல், கர்நாடக முதலமைச்சராக இருந்த எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எம்.எல்.ஏ.வாக இல்லாமலும் பதவி ஏற்கலாம். ஆனால் 6 மாதத்துக்குள் ஜெயித்து வந்துவிட வேண்டும், இல்லையென்றால் பதவி தானாகப் போய்விடும். 1954ல் காமராஜர் முதலமைச்சர் ஆனபோது அவர் எம்.பி.தான். அப்புறம் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வந்தார். 1967ல் அண்ணாவும் எம்.பி.யாக இருந்தவரே. அவர், பேரவையோடு இரண்டாவது சபையாக இருந்த மேலவை வழியாக வந்தார். அந்த மேலவை 1986ல் கலைக்கப்பட்டது, அதனால் இப்போது பேரவை என்ற ஒரே வாசல்தான்.

இந்தப் பதவியின் பழைய கதையில் நம்ம ஊருக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878ல் பிறந்தவர் ராஜாஜி. அன்று அது சேலம் மாவட்டம். தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல், கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004ல்.

சென்னை மாகாணத்தில் 1920லேயே சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சராக வந்துவிட்டார். ஆனால் அது இரட்டை ஆட்சி. பணம், போலீஸ் போன்ற முக்கியத் துறைகள் ஆளுநர் கையிலேயே இருந்தன. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மாதிரியானவற்றை இந்திய அமைச்சர்களுக்கு விட்டார்கள். செலவுக்கான சாவியைக் கொடுக்காமல் செய்யச் சொன்ன கதை. 1935ம் ஆண்டு சட்டம் வந்த பிறகுதான் மாகாணத் துறைகள் எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் வந்தன. 1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்தது. ஆளுநர் தன் தனி அதிகாரத்தைக் காட்டி அன்றாட வேலையில் தலையிட மாட்டார் என்ற உறுதி வேண்டும் என்று பதவி ஏற்காமல் சில மாதம் காத்திருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் ராஜாஜி பதவியேற்றார். அப்போது அந்தப் பதவியை ‘பிரீமியர்’ என்றார்கள்.

அவர் முதலில் கை வைத்த காரியங்களில் ஒன்று மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1 அன்று மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் அமலுக்கு வந்தது. இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் கையெழுத்து ஊர்க் கள்ளுக்கடையை மூட முடியும் என்பதை முதலில் பார்த்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். 1939ல், இந்தியாவைக் கேட்காமலே உலகப் போரில் இழுத்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தபோது அவரும் இறங்கினார். 1952ல் மறுபடி வந்தார், அதுவும் தேர்தலில் நிற்காமல், ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு. ஜெயித்து வராத ஒருவரை இப்படிக் கொண்டுவரலாமா என்ற சண்டை அன்றே நடந்தது. அந்தச் சண்டையில் நியாயம் இருந்தது என்பதுதான் என் எண்ணம்.

பர்கூரையும் சொல்லியாக வேண்டும். 1991ல் ஜெயலலிதா பர்கூரிலும் காங்கேயத்திலும் ஜெயித்து, பர்கூரை வைத்துக்கொண்டார். ஐந்து வருஷம் பர்கூர் எம்.எல்.ஏ.தான் தமிழ்நாட்டின் முதலமைச்சர். 1996ல் அதே பர்கூர் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். முதலமைச்சருக்கு நேராக ஓட்டுப் போடும் வாய்ப்பு அவருடைய சொந்தத் தொகுதிக்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு. பர்கூர்க்காரர்கள் அதை இரண்டு விதமாகவும் பயன்படுத்திவிட்டார்கள்.

ஒரு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டுமானால் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களைக் கேளுங்கள். 2017ல் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த எம்.எல்.ஏ.க்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். அந்த 18ல் இந்த இரண்டு தொகுதியும் இருந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல் அந்த ஊர்களுக்கு எம்.எல்.ஏ. கிடையாது. 2019ல் மாநிலம் முழுக்க 22 இடங்களுக்கு இடைத்தேர்தல். ஆளும் அதிமுகவுக்கு 118ஐத் தொட இன்னும் சில இடங்கள் தேவைப்பட்டன. கிடைத்தது 9. அதில் அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் உண்டு. சென்னையில் ஒரு நாற்காலி நின்றதற்கு நம் பக்கத்து வாக்குச்சாவடிகள் முட்டுக் கொடுத்தன. அதே நேரத்தில் ஓசூரிலும் இடைத்தேர்தல் நடந்தது. அங்கே திமுக ஜெயித்தது.

சரி, நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன செய்யலாம்? யார் அமைச்சர், யாருக்கு எந்தத் துறை என்பது அவர் முடிவு. தன்னையும் சேர்த்து 35 பேருக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் பேரவை எண்ணிக்கையில் 15 சதவீதம்தான் என்று 2003ல் வந்த 91வது திருத்தம் கட்டிப்போட்டது. அமைச்சரவைக் கூட்டத்துக்கு அவர்தான் தலைமை. போலீஸ் துறையைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதலமைச்சரே வைத்துக்கொள்வது வழக்கம். அமைச்சரவை எடுக்கும் முடிவுகளை ஆளுநருக்குத் தெரிவிப்பதும் அவர் கடமை.

ஆனால் அவர் வாயால் அறிவித்ததெல்லாம் உத்தரவு ஆகிவிடாது. துறை கோப்பு போட வேண்டும், நிதித்துறை பணம் இருக்கிறதென்று ஒப்ப வேண்டும், கடைசியில் அரசாணை வர வேண்டும். ஏதாவது ஒரு அரசாணையை எடுத்து அடியில் பாருங்கள். ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்றிருக்கும், கீழே துறைச் செயலாளர் பெயர். ஓட்டு இயந்திரத்திலும் முதலமைச்சர் பெயர் இல்லை, அரசாணையின் அடியிலும் இல்லை. ஆனாலும் முழுப் பொறுப்பும் அவர் தலையில்தான். இந்தப் பதவியின் வினோதமே அதுதான்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பழுப்புக் கறை படிந்த பல் இந்தப் பக்கம் அடையாளம் மாதிரியே ஆகிவிட்டிருந்தது. 2008ல் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது அடிக்கல் நட்டார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அங்கே தேர்தல் முடியட்டும் என்று அவரே வேலையை நிறுத்தி வைத்தார். இங்கே அதற்குக் கோபப்படாதவர்கள் குறைவு. பிறகு ஜப்பான் கடனுதவியோடு வேலை நடந்து, 2013ல் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது திறந்தார்கள். செலவு 1,928.80 கோடி ரூபாய். இரண்டு முதலமைச்சர், ஒரு பக்கத்து மாநிலம், ஒரு வெளிநாட்டுக் கடன் எல்லாம் தாண்டித்தான் அந்தத் தண்ணீர் நம் குழாய்க்கு வந்தது.

முதலமைச்சரால் முடியாததும் உண்டு. தொப்பூர் கணவாயில் லாரி கவிழும் ஒவ்வொரு முறையும் ‘முதலமைச்சருக்கு மனு’ என்று யாராவது வருகிறார்கள். அது தேசிய நெடுஞ்சாலை, மத்திய அரசின் ஆணையத்திடம் இருக்கிறது. மொரப்பூர் – தர்மபுரி ரயில் பாதையும் அப்படித்தான், நிலம் எடுத்துத் தருவது மாநிலம், ரயில் போடுவது ரயில்வே. கோர்ட்டில் நடக்கும் வழக்கில் எந்த முதலமைச்சரும் கை வைக்க முடியாது. பட்டா, ரேஷன் கார்டு, அரசு ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பஞ்சாயத்துக் குடிநீர் என்றால் தாராளமாக எழுதலாம்.

எழுதினால் என்ன ஆகும்? கோட்டையில் முதலமைச்சரின் தனிப்பிரிவு இருக்கிறது. 1100க்கு போன் பண்ணியும் சொல்லலாம். 2024 ஜூலை 11 அன்று ‘மக்களுடன் முதல்வர்’ முகாம்களை ஊரகப் பகுதிகளுக்கு விரித்தபோது அதைத் தொடங்கி வைத்ததே நம் பாளையம்புதூரில்தான். எந்த வழியில் போனாலும் மனுவுக்கு ஒரு எண் விழும். அந்த எண்ணோடு அது கலெக்டருக்கு வரும், அங்கிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து ஆர்.ஐ., வி.ஏ.ஓ., சர்வேயர் என்று இறங்கும். அதாவது எந்த மேஜையில் தூங்கியதோ அதே மேஜைக்கு. பலருக்கு இது ஏமாற்றம். “இதுக்கா சென்னைக்கு எழுதினேன்?” என்பார்கள். வித்தியாசம் அந்த எண்ணில் இருக்கிறது. முன்பு அந்த மேஜைக்காரர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மேலே பதில் போட்டே ஆக வேண்டும்.

சில விஷயத்தில் நேர்வழி வேறு. மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலையில் தொப்பூரில்தான் தொடங்கினார்கள். மனு தள்ளுபடியானவர்களில் பலர் உடனே முதலமைச்சருக்கு எழுதச் சொன்னார்கள். ஆனால் அதற்கு மேல்முறையீட்டு அதிகாரி என்று வைத்திருந்தது கோட்டாட்சியரை. அங்கே போகாமல் கோட்டைக்கு எழுதியதில் நாள்தான் போயிற்று.

மனுவில் ஒரே ஒரு விஷயம் எழுதுங்கள். பட்டாவும் முதியோர் பென்ஷனும் ஒரே தாளில் வந்தால் இரண்டு துறைக்கும் நடுவில் மனு தொங்கும். சர்வே எண், கிராமம், வட்டம், செல்போன் எண், முன்னால் கொடுத்த மனுக்களின் எண், தேதி எல்லாம் வேண்டும். யாரையும் திட்டி எழுத வேண்டாம், திட்டுக்குப் பதில் எழுதும் கட்டம் அவர்கள் படிவத்தில் இல்லை. பதிலே வரவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ‘என் மனு இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுத்தார்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பாலக்கோட்டு அம்மா போன வாரம் திரும்ப வந்தார். சர்வேயர் போன் பண்ணினாராம், அடுத்த வியாழன் அளக்க வருகிறாராம். “பாத்தியா, சி.எம். சொன்னாத்தான் கேக்கறாங்க” என்றார். அந்தத் தாளை முதலமைச்சர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் விட்டுவிட்டு, பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் போயிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அது போகாமல் அளந்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.