அரை டம்ளர் டீயும் என் கையெழுத்தும்

நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை, ஆண்கள் சர்ஜிக்கல் வார்டு. காலை எட்டு மணிக்கு ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போகவேண்டிய பெரியவர். "அம்மா, பன்னிரண்டு மணிக்கு மேல வாயில எதுவும் கொடுக்கக் கூடாது" என்று ராத்திரியே அவர் மனைவியிடம் சொன்னேன். தலையாட்டினார். கட்டிலில் 'என்.பி.ஓ.' (வாய்வழியாக எதுவும் கூடாது) என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையையும் மாட்டினேன். விடிந்ததும் டியூட்டி மாறும் அவசரத்தில், கேஸ் ஷீட்டில் 'என்.பி.ஓ. கடைப்பிடிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஐந்தரை மணிக்கே அந்த அம்மா கீழே போய் பிளாஸ்க்கில் டீ வாங்கி வந்து, அரை டம்ளர் கொடுத்திருந்தார். ஏதாவது சாப்பிட்டீங்களா என்று மயக்க மருத்துவர் கேட்டதற்குப் பெரியவர் இல்லை என்றாராம். டீயை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்? மயக்கம் கொடுக்கும்போது வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விட்டது. மூன்று நாள் ஐசியூ. பிழைத்துக்கொண்டார்.

விசாரணையில் அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வெறும் டீதானே சிஸ்டர். அந்த அட்டைய பெட் நம்பர்னு நினைச்சேன்."

வெறும் தண்ணீர் என்றால் மயக்கத்துக்கு 2 மணி நேரம் முன்புவரைகூடப் பரவாயில்லை. பால் கலந்த டீ என்றால் 6 மணி நேரம் ஆகவேண்டும். இதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அதைவிட மோசம் அந்த நோட்ஸ். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருந்தேன். நான் சொன்னதை அவர் கேட்காதது ஒரு தப்பு என்றால், என் கையெழுத்து இன்னொரு தப்பு.

"நாங்க சொன்னோம், அவங்க கேக்கல" என்பது நர்ஸ் ரூமில் எடுபடும். வழக்கு என்று வந்தால் மூன்று கேள்வி வரும்: புரியும்படி சொன்னீர்களா? மீறியது தெரிந்ததும் டாக்டரிடம் சொன்னீர்களா? அதை எழுதினீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், நோயாளி தரப்பிலும் கவனக்குறைவு உண்டு என்று வாதாடி, நஷ்டஈட்டைக் குறைக்கக் கேட்கலாம். சில சமயம் வழக்கே நிற்காமல் போகலாம்.

காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நர்ஸ் செய்த தப்புக்கு மருத்துவமனையும் பதில் சொல்லவேண்டும். புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் உண்டு. அவ்வளவு நாள் கழித்து எந்தப் பெட்டில் யார் இருந்தார் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கேஸ் ஷீட் ஒன்றுதான் பேசும்.

கிரிமினல் வழக்கு வேறு கதை. சிகிச்சையில் நடந்த சாதாரணத் தவறு போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்கவேண்டும் என்பது 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கின் தீர்ப்பு. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். அலட்சியத்தால் மரணம் என்றால் 5 வருடம் வரை சிறை. சிகிச்சை செய்யும் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 வருடம் வரை. அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கே என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் பெயர் இருப்பது நர்சிங் கவுன்சிலில். எங்கள் வார்டில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை.

டாக்டர் பேச்சை மீறி வீட்டுக்குப் போகிறேன் என்பவரிடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்றும் சிலர் நினைக்கிறார்கள். போனால் என்ன ஆகும் என்று அவருடைய மொழியில் சொன்னதும் அதில் இருக்கவேண்டும். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், அதையே எழுதி, கூட இருந்தவர்களைச் சாட்சியாகப் போடவேண்டும். கோபத்தில் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று மட்டும் எழுதாதீர்கள். அது நம்மைத்தான் திருப்பி அடிக்கும்.

இப்போது எங்கள் வார்டு அட்டையில் தமிழில், 'டீ, காபி, பால், தண்ணீர் எதுவும் வேண்டாம்' என்று இருக்கிறது. கூட இருப்பவரிடம் சொல்லிவிட்டு, "நான் என்ன சொன்னேன்? நீங்க சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்கிறோம். போன மாதம் ஒரு ஜூனியர் பெண் எழுதியிருந்தாள்: 'காலை 5.40. மகன் பால் டீ அரை டம்ளர் கொடுத்ததாகச் சொன்னார். 5.45. மயக்க மருத்துவருக்குப் போனில் தகவல். ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிவைப்பு.' மகன் அவளிடம் கத்தினாராம். அதையும் எழுதியிருந்தாள், ஒரே வரியில்.