தொட்டுப் பார்த்த பிறகு ஊற்றுங்கள்

விவசாய ஆலோசகராக வயல் வயலாகப் போவதுதான் என் வேலை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் வாரம் ஒரு மணி நேரம் அடிப்படை விவசாயம் சொல்லித் தருகிறேன். முதல் ஆண்டு நான் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது பேருக்கு ஒரே ஒரு தக்காளி நாற்றுப் பாத்தி. ஆர்வத்தில் இடைவேளைக்கு இடைவேளை ஆளாளுக்குப் பூவாளியைத் தூக்கினார்கள். சில நாளில் நாற்றுகள் தலை சாய்ந்தன. வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினார்கள். அடித்தண்டு மெலிந்து அழுகி, பாத்தி முழுக்கப் படுத்துவிட்டது. நாற்றழுகல் நோய். ஈரம் தேங்கினால் பித்தியம் போன்ற மண்வழிக் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். எப்படி ஊற்றுவது என்று காட்டிய நான், எப்போது ஊற்றக்கூடாது என்று சொல்லவே இல்லை.

வேருக்கும் காற்று வேண்டும். மண் துகள்களுக்கு நடுவிலுள்ள இடமெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் திணறிப்போகும், நீரை உறிஞ்சவும் முடியாது. அதனால் சேற்றில் நிற்கிற செடியும் தாகத்தில் வாடுகிற செடி மாதிரியேதான் தெரியும். இலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இப்போது என் முதல் வகுப்பில் பூவாளிக்கே இடமில்லை. விரலை 5 செ.மீ. ஆழம் விட்டுப் பார்த்து, ஈரமா காய்ச்சலா என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு வாரம் அது மட்டும்தான். சலிப்பாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும்.

அப்புறம் மண். மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கிவிடும், வண்டலுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். 0.002 மி.மீ.க்கும் சிறிய களித்துகள்கள் மறுநாளும் கலங்கலாக மிதந்துகொண்டிருக்கும். அடுக்குகளை அளவுகோலால் அளந்து சதவீதம் போட்டால், தங்கள் பாத்தியில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

விதைக்கும் இதே கதைதான். பழைய விதைப் பொட்டலத்தை நம்பி விதைத்துவிட்டு, முளைக்கவில்லை என்று மண்ணைத் திட்டுவதில் பயனில்லை. ஈரத்துணியில் 50 விதையைச் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ண வேண்டும். 30 முளைத்தால் முளைப்புத்திறன் 60 சதவீதம், அதற்கேற்ப விதையைக் கூட்டிப் போட வேண்டும். ஆழம், விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு போதும். பொடி விதையை விரல் ஆழத்தில் புதைப்பது எல்லா வகுப்பிலும் நடக்கிற தவறு.

எனக்கு மிகப் பிடித்த நாள், பூக்கிற பருவத்தில் ஒரு பயறுச் செடியை வேரோடு தோண்டி எடுக்கிற நாள். வேர் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது என்று பொருள். நைட்ரஜன் சுழற்சியைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தான், ஆனாலும் இதைப் பார்த்ததும் "நிஜமாவா சார்?" என்பார்கள்.

பூச்சி வந்தால் முதல் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" மாணவர் கையில் பூச்சிக்கொல்லித் தெளிப்பான் கூடவே கூடாது, இதில் சமரசம் இல்லை. அதைவிட முக்கியம், எதை நசுக்குகிறோம் என்று தெரிவது. பொறிவண்டின் புழு கறுப்பாக, முள் முள்ளாகப் பார்க்கவே பயமாக இருக்கும். செடியின் சாற்றை உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியைத் தின்கிற அந்த நண்பனைத்தான் எல்லோரும் முதலில் மிதிக்கிறார்கள். கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுங்கள், பத்து நிமிடம் பொறுப்பார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: தாமதமாக வந்தவனைத் தோட்டத்தில் களை பிடுங்க அனுப்பாதீர்கள். தண்டனையான வேலையை யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் காய்ந்துபோவது நீண்ட விடுமுறையில். அதனால் விடுமுறை தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறிக்கச் சொல்கிறேன். பீன்ஸுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 நாள், சிறுமுள்ளங்கிக்கு 25 முதல் 30 நாள். ஒரு வகுப்பு எண்ணிப் பார்த்தபோது, பீன்ஸ் விதைத்திருக்க வேண்டிய நாள் மூன்று வாரம் முன்பே போயிருந்தது. கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். பிறகு முள்ளங்கி விதைக்குத் துணியை நனைக்கப் போய்விட்டார்கள்.