கோட் ரிவியூவில் எழுதும் கருத்து எப்போது வேலை செய்கிறது?

ஒருவர் செய்த வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்னால் அடுத்த முறை அவர் இன்னும் நன்றாகச் செய்வார் என்பதைச் சோதிக்கத் தேவையில்லாத உண்மையாகவே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறோம். ஆவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டெநிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ஆம் ஆண்டில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதுவரை பல துறைகளில் நடந்திருந்த பரிசோதனைகளிலிருந்து 607 அளவீடுகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, பின்னூட்டம் சராசரியில் செயல்திறனை உயர்த்தியிருந்தது உண்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது.

இதற்கு அவர்கள் தந்த விளக்கம் கவனம் எங்கே போகிறது என்பதைப் பற்றியது. கருத்தைக் கேட்பவரின் கவனம் வேலையின் நுணுக்கத்திலோ வேலையிலோ நின்றால் அவர் குறையைத் திருத்துகிறார். அதே கவனம் ‘நான் எப்படிப்பட்டவன், என்னை என்ன நினைக்கிறார்கள்’ என்று தன்மீது திரும்பிவிட்டால், மனத்தின் உழைப்பில் ஒரு பகுதி தன்னைக் காத்துக்கொள்வதற்கே செலவாகி, வேலைக்கு மிஞ்சுவது குறைகிறது. கண்டிப்புக்கு மட்டுமன்றிப் பாராட்டுக்கும் இது பொருந்தும் என்பதுதான் பலர் எதிர்பாராதது. “நீங்கள் பெரிய கெட்டிக்காரர்” என்ற சொல்லும் ஆளைத்தான் சுட்டுகிறது.

மென்பொருள் அணிகளில் இந்தச் சோதனை அன்றாடம் நடப்பது கோட் ரிவியூவில்தான். ஒருவர் எழுதிய நிரல், அணியின் பொது நிரலான முதன்மைக் கிளையில் சேர்வதற்கு முன் மற்றொருவர் அதை வரிவரியாகப் படித்து, அந்தந்த வரியின் அருகிலேயே கருத்து எழுதுகிறார். இதன் முன்னோடி ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976-இல் வெளியிட்ட ஆய்வுமுறை. நடத்துநர், வடிவமைப்பாளர், நிரலர், சோதனையாளர் என்று நான்கு பேர் உட்கார்ந்து படிக்கும் அந்தக் கூட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அங்கே பிழையைக் கண்டுபிடிப்பது மட்டுமே வேலை, தீர்வை விவாதிப்பது அன்று. கண்டுபிடித்த பிழைகளின் எண்ணிக்கையை நிரலரின் பணி மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தக்கூடாது என்றும் ஃபேகன் எச்சரித்தார். கவனத்தை ஆளிடமிருந்து நிரலுக்குத் திருப்பும் ஏற்பாடு இது என்பது இப்போது திரும்பிப் பார்க்கையில் தெளிவாகத் தெரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, ஒரு லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி, அனுப்பி அவருடைய ஆர்டர்களை வாங்கும் நிரல் ரிவியூவுக்கு வருகிறது. “இது சரியில்லை, மாற்றவும்” என்பது ஒரு கருத்து. “இதைப் போன வாரமே சொன்னேனே” என்பது இன்னொன்று. முதலாவதில் எதை மாற்றுவது என்ற தகவல் இல்லை. இரண்டாவதில் இருப்பது ஆளைப் பற்றிய தகவல் மட்டுமே. மூன்றாவதாக இப்படியும் எழுதலாம்: “லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குவெரி போகிறது. டெஸ்ட் டேட்டாவில் 10 வாடிக்கையாளர்கள்தான் என்பதால், பட்டியலுக்கு ஒன்றும் ஆளுக்கு ஒன்றுமாக 11 குவெரிகளோடு முடிந்துவிடுகிறது. புரொடக்ஷனில் 5,000 பேர் இருந்தால் 5,001 குவெரிகள். ஒன்றுக்கு 2 மில்லிசெகண்ட் என்றாலும் பக்கம் திறக்க 10 விநாடி ஆகும். ஆர்டர்களை ஒரே ஜாயினில் எடுத்துவிட முடியுமா?” (புரொடக்ஷன் என்பது உண்மையான பயனர்கள் பயன்படுத்தும் அமைப்பு; ஜாயின் என்பது இரு பட்டியல்களை ஒரே குவெரியில் இணைத்து எடுப்பது.) இதில் இடம், நிகழ்வு, விளைவு, ஒரு வழி ஆகிய நான்கும் உள்ளன, ‘நீங்கள்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர் மறுப்பதற்கும் இடமிருக்கிறது: அந்தப் பட்டியல் 20 பேரைத் தாண்டவே தாண்டாது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். மறுக்க முடிகிற கருத்துதான் சரிபார்க்கக்கூடிய கருத்து.

கேள்வியாகக் கேட்டாலே கருத்து மென்மையாகிவிடும் என்ற நம்பிக்கை அணிகளில் பரவலாக உள்ளது; எனக்கு அதில் உடன்பாடில்லை. “ஏன் இப்படி எழுதினீர்கள்?” என்பது கேள்விக்குறி போட்ட குற்றச்சாட்டு. “பட்டியல் காலியாக வந்தால் இந்த வரி என்ன செய்யும்?” என்பது ஆளைத் தொடாமல் நிரலை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறது.

சொல்முறைக்கு முன்பே கருத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் ஒன்று உண்டு: படிப்பவருக்கு அந்த மாற்றம் புரிந்திருக்கிறதா என்பது. மைக்ரோசாஃப்டில் ஆல்பர்ட்டோ பாக்கெல்லியும் கிறிஸ்டியன் பேர்டும் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ரிவியூவின் முதல் நோக்கம் பிழை கண்டுபிடிப்பதே என்று மேலாளர்களும் நிரலர்களும் சொன்னார்கள். நடைமுறையில் வந்த கருத்துகளிலோ அவர்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பிழைகள் இல்லை, மாற்றத்தைப் புரிந்துகொள்வதே பெரிய இடராக இருந்தது. நூற்றுக்கணக்கான வரிகள் ஒரே புல் ரிக்வெஸ்டாக (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையாக) வந்தால் படிப்பவர் மாறிகளின் (variable) பெயரையும் இடைவெளியையும் பிடித்துக்கொள்வது இயல்பே, ஏனெனில் அவை புரியாமலேயே குறை சொல்லத்தக்கவை. கூகுளைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வின்படி அங்கே ஒரு மாற்றத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 24 வரிகள்தான். ரிவியூ தொடங்கி முடியும் இடைநிலை நேரம் 4 மணி நேரத்துக்கும் குறைவு. சின்ன மாற்றமாக இருந்தால் கருத்து, எழுதியவரின் நினைவில் நிரல் பசுமையாக இருக்கும்போதே வந்து சேர்கிறது.

இடைவெளி, அடைப்புக்குறி போன்றவற்றை மனிதர்கள் பேசவே வேண்டியதில்லை. கோ (Go) என்ற நிரல்மொழியோடு வரும் கோஃபம்ட் (gofmt) என்ற கருவி எல்லா நிரலையும் ஒரே வடிவில் அடுக்கிவிடுவதால் அந்தச் சண்டைக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது. இயந்திரம் சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை என்பது கூடுதல் வசதி.

கடுமைதான் தரத்தைக் காக்கும் என்ற வாதத்துக்கு நெடுநாள் சான்றாகக் காட்டப்பட்டது லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல். 2018 செப்டம்பரில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே, மின்னஞ்சல்களில் தாம் செய்த தனிமனிதத் தாக்குதல்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அதன்பின் கெர்னல் தன் தொழில்நுட்ப அளவுகோலைத் தளர்த்திக்கொள்ளவில்லை. தவறான பேட்ச் (அனுப்பப்படும் நிரல் மாற்றம்) இன்றும் திருப்பி அனுப்பப்படுகிறது.

யார் எழுதும் கருத்து பயன்படுகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் ஐந்து திட்டங்களிலிருந்து எடுத்த 15 லட்சம் ரிவியூ கருத்துகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், அந்தக் கோப்பை முன்பே திருத்தியவர்களோ ரிவியூ செய்தவர்களோ எழுதிய கருத்துகளே அதிகம் பயன்பட்டன. புதிதாகச் சேர்ந்தவர்களின் கருத்துகள் முதல் ஓராண்டில் வேகமாக மேம்பட்டு, பிறகு ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றன. பழகியவர்களை மட்டும் ரிவியூவுக்குப் போட்டால் அந்த ஓராண்டு புதியவர்களுக்குத் தொடங்குவதே இல்லை. ஆகவே ஒரு கோப்புக்கு அதை அறிந்த ஒருவரையும் அறியாத ஒருவரையும் சேர்த்துப் போடுவது நியாயமான ஏற்பாடாகப் படுகிறது. அறியாதவர் கேட்கும் விளக்கக் கேள்விகளால் எழுதியவருக்கு உடனடிப் பயன் பெரிதாக இராது. ஆனால் அதற்கான விடை, கருத்துத் திரியில் மட்டும் தங்காமல் நிரலிலேயே ஒரு விளக்கக் குறிப்பாகவோ தெளிவான பெயராகவோ இறங்கினால், ஆறு மாதம் கழித்து அதே வரியைத் திருத்த வருபவர் அதே கேள்வியைக் கேட்க நேராது.